மூன்றாவது திருகாணி

ஒரு விடுகதை போடுகிறேன், கேளுங்கள். ஒரு வீடு. அதற்குக் கதவும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. உள்ளே இருப்பவன் எந்நேரமும் தலைகீழாகத்தான் நிற்பான். கூப்பிட்டால் ஒரே தாவில் வெளியே வருவான், உரக்கப் பேசுவான், பேசி முடித்ததும் திரும்பப் போய்த் தலைகீழாக நின்றுகொள்வான். அந்த வீடு கீழே விழாமல் மூன்று பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூவரும் கழுத்து வரை புதைந்து, தலையை மட்டும் வெளியே காட்டுகிறவர்கள். வீடு எது, உள்ளே இருப்பவன் யார், அந்த மூவர் யார்? தெரியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். இது நாச்சிமுத்து தன் மகளுக்காகக் கட்டிய விடுகதை. காலையில் பைக்கில் வரும்போது, முன்னால் போன லாரியின் புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டே போட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த மிருதுளா ஒரு வேகத்தடை கடப்பதற்குள் அவிழ்த்துவிட்டாள். "வீடுங்கறது ஹோல்ஸ்டர். உள்ள தலைகீழா நிக்கறவன் துப்பாக்கி. அந்த மூணு பேரு நீங்க நேத்து முடுக்குன ஸ்க்ரூ. இதெல்லாம் ஒரு விடுகதையாப்பா? எனக்குப் பதிமூணு வயசாச்சு."

விடை தெரிந்த பிறகு விடுகதைக்கு வேலை இல்லை என்றுதான் அவரும் நினைத்திருந்தார். இப்போது, பார்க்க வந்தவர்களுக்காகக் கட்டிய மஞ்சள் கயிற்றுக்குப் பின்னால் நின்றபடி, வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடிச் சட்டைப்பைக்குள் விட்ட விரலில் ஒன்று தட்டுப்பட்டது. சின்னஞ்சிறியது. வெளியே எடுக்காமலே தெரிந்துவிட்டது. திருப்பூரில் இத்தனை காலம் தையல் மிஷின் ரிப்பேர் பார்த்த விரலுக்குக் கண் தேவையில்லை. உருண்டைத் தலை, தலையில் ஆறு மூலைக் குழி, நாலு மில்லி கனம், வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம். நேற்று மத்தியானம் மகளுடைய துப்பாக்கி உறையை இடுப்புப் பட்டையோடு சேர்த்து முடுக்கிய அதே திருகாணி. அதே என்றால், அதே மாதிரி என்று சொல்ல வேண்டும். அதேவா, அதே மாதிரியா. விரல் அதை உருட்டியது. மரையில் நகத்தை வைத்து ஓட்டிப் பார்த்தது. நகம் ஒவ்வொரு வரியிலும் சுத்தமாக ஏறி இறங்கியது. பசை இல்லை. கழன்று வராமல் இருக்கத் தடவும் நீலப் பசை காய்ந்திருந்தால் நகம் வழுக்கும். வழுக்கவில்லை. அப்படியானால் இது எங்கும் முடுக்காத திருகாணி. முடுக்காதது என்றால் மிச்சமானது. மிச்சமானதா, அல்லது முடுக்க மறந்ததா. காதுமூடிக்குள் தன் மூச்சு பெரிதாகக் கேட்டது. தூரத்தில் யாரோ சுட்டார்கள். பாறைச் சுவர் அந்தச் சத்தத்தை வாங்கி, யோசித்து, திருப்பிக் கொடுத்தது.

கல் உடைத்துக் காலியான பாறைக்குழி அது. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, எதிரே மலைபோல் குவித்த மணல் மேடு. கிளப்காரர்கள் குத்தகைக்கு எடுத்துத் துப்பாக்கி சுடும் இடமாக்கியிருந்தார்கள். ஒரே இடத்தில் சிலைபோல் நின்று சுடுகிற போட்டி இல்லை இது. மணி அடித்ததும் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவ வேண்டும், ஓட வேண்டும், பலகையில் வெட்டிய ஜன்னல் வழியாகச் சுட வேண்டும், தகர டிரம்முக்குப் பின்னால் மறைந்து குனிந்து சுட வேண்டும், ஓடுகிற வழியிலேயே தோட்டா அடைத்த மேகசினை மாற்ற வேண்டும். குறி அட்டையில் எங்கே பட்டது என்பதற்கும் மதிப்பெண், எத்தனை வேகம் என்பதற்கும் மதிப்பெண். இந்த வருஷம்தான் பிள்ளைகளையும் உறையிலிருந்து உருவ விட்டார்கள். போன வருஷம் வரைக்கும் மேஜைமேல் வைத்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டால் போதும். மேஜை நல்ல மேஜை. மேஜைக்கு நான்கு கால். மேஜை ஓடாது. மிருதுளாவின் இடுப்பு ஓடும். ஓடுகிற இடுப்பில் தொங்குவதை மூன்று பேர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். காலையிலிருந்து நடந்த சுற்றுகளில் பதினைந்து வயதுக்குக் கீழே அவள்தான் முதலிடம். இது கடைசிச் சுற்று. அவளுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர். உறை அவள் வலது இடுப்பில் தெரிந்தது. வெறும் துப்பாக்கி, தோட்டா இல்லை, தோட்டா போடச் சொல்கிறவரைக்கும் யாரும் போடக் கூடாது. உறையின் வெளிப்பக்கம் இரண்டு திருகாணித் தலை வெயிலில் மினுங்கியது. மூன்றாவது உள்பக்கம், பட்டைக்கும் இடுப்புக்கும் நடுவில். அது கண்ணுக்குத் தெரியாது. அவள் கழற்றினால்தான் தெரியும். கழற்றுவதற்குத் துப்பாக்கியைத் தொட வேண்டும். தொடுவதென்றால் அந்த ஓரத்தில் இருக்கும் பாதுகாப்பு மேஜைக்குப் போய்த்தான் தொட வேண்டும். இங்கே நின்று, பெற்ற தகப்பனே ஆனாலும், ஒரு விரல் வைத்தால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கூப்பிட்டுச் சொன்னால் போதும். அம்மிணி, அந்த மேஜைக்குப் போய் ஒருக்கா பாத்துட்டு வந்துரு. இவ்வளவுதான். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாளே.

போன வருஷம் சித்திரையில் நடந்த போட்டியில்தான் அது. மேஜையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவள் ஓடியபோது, காலடியில் ஒரு சின்னக் கல் கிடந்தது. கல் என்றுகூடச் சொல்ல முடியாது, ஜல்லி. அவருக்கு மட்டும் அது தெரிந்தது. "கண்ணு, பாத்து!" என்று கத்திவிட்டார். காதுமூடியையும் தாண்டி அந்தக் குரல் போய்விட்டது. பிள்ளை கல்லில் இடறவில்லை, குரலில் இடறினாள். நின்றாள், திரும்பப் பார்த்தாள், திரும்பும்போது கையும் கூடத் திரும்பப் போக, நடுவர் ஜெசிந்தா மேடம் தோளைப் பிடித்து நிறுத்தினார். துப்பாக்கிக் குழல் மணல் மேட்டைவிட்டு விலகினால் அந்தக் கணமே போட்டி முடிந்தது. முடிந்தது.  வீட்டில் சோறு தின்றுவிட்டுக் கை கழுவும்போது சொன்னாள்: "இனிமே கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னீங்கன்னா வாயே தொறக்கக் கூடாது. நானாச் சொன்னாத்தான் தொறக்கணும். சத்தியம் பண்ணுங்க." ஈரக் கையை நீட்டினாள். ஈரக் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவருடைய மனைவி கோமளவல்லி அடுப்படியிலிருந்து, "அவருக்கு வாயை மூடிட்டாப் போதுமா? மூஞ்சிய எதைப் போட்டு மூடறது?" என்று கேட்டாள்.

மூஞ்சி. அதுதான் பெரிய வம்பு. பார்க்கில் சறுக்குமரம் இருந்தது. மிருதுளாவுக்கு அப்போது நான்கு வயது இருக்கும். ஏணியில் ஏறுவாள். உச்சிக்குப் போனதும் உட்காரமாட்டாள், திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். அவர் சிரிப்பார். சிரித்ததாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை அதைப் பார்த்துவிட்டு வந்த வழியே ஒவ்வொரு படியாக இறங்கி வந்துவிடுவாள். பின்னால் ஏறிய பிள்ளைகளெல்லாம் அவளுக்காக இறங்க வேண்டும், திட்டுவார்கள். "புள்ள ஏணியப் பாக்கறதில்ல, சறுக்கலப் பாக்கறதில்ல, உங்க மூஞ்சியத்தான் பாக்குது. மாத்துங்க, இல்லீன்னா அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்றாள் கோமளவல்லி. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசர் அவள். துணியில் இருக்கிற ஓட்டை ஓடுகிற வேகத்திலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவர் திரும்பிக்கொண்டார். வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகுக்குப் பின்னால் சர்ரென்று ஒரு சத்தம், பிறகு சிரிப்பு. அவள் சறுக்கியதை அவர் பார்த்ததே இல்லை. சத்தம்தான் கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் முகம் பார்த்தாள் அந்தப் பிள்ளை. ஐஸ் கடையில், நாய்க்குட்டியைத் தொடும்போது, நீச்சல் குளத்தின் விளிம்பில். சொல்லிக்கொடுக்காமலே அவர் பயத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். எப்போது அதை நிறுத்தினாள் என்று அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. போன மாதம், கடை மேஜைமேல். இரண்டு உறைகளை அருகருகே வைத்திருந்தார். ஒன்று பழையது, கறுப்புப் பிளாஸ்டிக், துப்பாக்கியை முக்கால்வாசி மூடிக்கொள்வது, உருவ நேரமாகும், ஆனால் குலுக்கினாலும் விழாது. இன்னொன்று புதியது, பந்தயக்காரர்கள் கட்டுவது. அதை உறை என்று சொல்வதே அதிகம். ஒரு சின்னப் பிடி, விசைக்கு வெளியே இருக்கும் வளையத்தை மட்டும் கவ்வும், மீதித் துப்பாக்கி காற்றில் நிற்கும். கை வைத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இரண்டையும் பற்றி ஊரிலிருக்கிற வீடியோ எல்லாம் பார்த்திருந்தார். பழையதன் நல்ல குணங்களை ஒவ்வொன்றாக, நிதானமாக, பாரபட்சம் இல்லாத குரலில் சொன்னார். மிருதுளா முழுதும் கேட்டாள். பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமல், புதியதை எடுத்தாள். பார்க்கவே இல்லை.  அது சந்தோஷம் என்றுதான் அப்போது அவருக்குத் தோன்றியது.

"ஏனுங்க நாச்சிமுத்து," என்று தோளைத் தட்டினார் பொன்னுரங்கம். நூல் வியாபாரி, கூட்டத்திலேயே பருத்த உடம்பு, இப்போதுதான் சுட்டு முடித்துவிட்டுப் பூச்சட்டை நனைய வந்திருந்தார். "நான் ஓடுனதுக்கு எனக்கு வேர்க்குது, நியாயம். நீங்க நின்ன எடத்துலயே நனைஞ்சிருக்கறீங்களே, அது எப்படீங்க?" நாச்சிமுத்து சிரித்தார். வாயைத் திறக்காமல் சிரித்தார். "அட, பேச மாட்டாரு. புள்ள பூட்டுப் போட்டுருச்சு, சாவி அதுகிட்ட" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, அவர் காதுக்குள் குனிந்து, "உங்க அம்மிணி இன்னைக்குத் தூக்கிருவா, பாருங்க. அந்தப் புது ஹோல்ஸ்டரு சும்மா மின்னலாட்டம் வருது. காலைல டாக்டரு போட்டிருந்தாரே, அது மாதிரி லொடலொடன்னு இல்ல" என்றார். நல்ல மனுஷன். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் டாக்டர். டாக்டரை மறக்கத்தான் நாச்சிமுத்து காலையிலிருந்து பாடுபட்டுக்கொண்டிருந்தார். ஈரோட்டிலிருந்து வந்த பல் டாக்டர், முதல் ஜன்னலைத் தாண்டி ஓடும்போது மேகசினை மாற்றப் போய், எதையோ தட்டிவிட்டு, துப்பாக்கியைத் தரையில் நழுவவிட்டார். ஜல்லிமேல். டங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெடிக்கவில்லை. ஜெசிந்தா மேடம் "ஸ்டாப்!" என்றார். குழி முழுவதும் உறைந்து நின்றது. டாக்டர் குனிந்து எடுக்கவில்லை. விழுந்ததைத் தவறவிட்டவர் எடுக்கக் கூடாது, நடுவர்தான் எடுக்க வேண்டும். அவர் இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கட்டிக்கொண்டு, கிளாஸை உடைத்த பிள்ளைபோல் நின்றார். மேடம் எடுத்து, தோட்டாவை நீக்கி, அவரிடம் கொடுத்து, கையைக் குலுக்கி, "இன்னைக்குப் போதும் டாக்டர்" என்றார். அந்தக் குழல் கீழே கிடந்தபோது எந்தப் பக்கம் பார்த்தது என்று நாச்சிமுத்து கவனித்திருந்தார். வேறு யாரும் கவனித்தார்களா என்று தெரியாது. அது டாக்டரின் செருப்பைப் பார்த்தது. செருப்புக்குள் விரல்கள் இருந்தன. டாக்டரின் கையிலிருந்து விழுந்தது. மிருதுளாவினுடையது உறையோடு சேர்ந்து ஒரு பக்கம் தொங்கிப்போய், அவள் ஓட ஓட ஆடி, விழும்போது எந்தப் பக்கம் பார்க்கும். அவள் முழங்கால் மெலிந்தது. பாவாடை கட்டிய காலத்திலிருந்து அதே முழங்கால்.

நேற்று மத்தியானத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். நிதானமாக, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி. உறை அவள் விலாவில் இடித்தது, இடுப்பு சின்னது, உறை பெரிய ஆட்களுக்குச் செய்தது. அதனால் அலுமினியத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, ராவி, நடுவில் வைத்து உறையைக் கீழே இறக்கினார். தகடு கூடியதால் பழைய திருகாணி எட்டவில்லை. நீளமானவை தேவை. பால் பவுடர் டின்னைக் கவிழ்த்துத் தேடி எடுத்தார். மூன்று தேவை. நான்கு எடுத்தாரா? எடுத்திருப்பார். ஒன்று வேண்டுமென்றால் இரண்டு எடுப்பது அவருடைய வழக்கம். மிஷினுக்கு அடியில் திருகாணி விழுந்தால் பனியன் பஞ்சுக்குள் போய்விடும், அப்புறம் கிடைக்காது. எல்லாச் சாமானிலும் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்வார். ஊசி, பெல்ட், பல்பு, குடை, சாவி. பிள்ளை மட்டும்தான் ஒன்று. அந்த நினைப்பு வந்ததும் அதைத் தள்ளினார். திருகாணிக்கு வா. முதலாவதை முடுக்கினார்: பசையின் நெடி மூக்கில் இருக்கிறது. இரண்டாவதை முடுக்கும்போது பசைக் குப்பியின் வாய் காய்ந்துபோய்க் குண்டூசியால் குத்தினார்: விரலில் நீலக் கறை, இதோ இப்போதும் நகக் கண்ணில் இருக்கிறது. மூன்றாவது. மூன்றாவதில் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. ஓவர்லாக் மிஷின் கேட்டு ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையில் ஆறுமூலைச் சாவி இருந்தது, அது நிச்சயம். சாவியைத் திருப்பியது ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது பசை தடவுவதற்கு முன்னால், அளவு சரியா என்று வெறுமனே முடுக்கிப் பார்த்த திருப்பலா? வெறுமனே முடுக்கிவிட்டுக் கழற்றினாரே, பசை தடவ. கழற்றியதை எங்கே வைத்தார். வாயில் வைப்பார் சிலசமயம். உதட்டில் இரும்பு ருசி ஞாபகம் வந்தது. அது நேற்றைய ருசியா, இத்தனை வருஷத்து ருசியா. சட்டைப்பையில் வைப்பார். இதே சட்டையா? நேற்றுக் கட்டம் போட்டது. இல்லை, இதே சட்டைதான், போட்டிக்கு இன்னொரு தரம் போட்டுக்கொள்ளலாம் என்று கழற்றி மாட்டினார். நான்கு எடுத்தேன். நான்கு எடுத்தால் இது நான்காவது. மூன்று எடுத்திருந்தால் இது மூன்றாவது. இரண்டு பதிலும் ஒரே திருகாணிக்குள் இருந்தன. விரல் அதை உருட்டிக்கொண்டே இருந்தது, உருட்டினால் ஏதோ ஒன்று மேலே வந்துவிடும் என்பதுபோல்.

இதற்கு முன்னாலும் ஒரு திருகாணி அவரை இப்படி உருட்டியிருக்கிறது. மிருதுளாவுக்கு ஒன்றரை வயதில் ஒரு நாள் சாயங்காலம் காதில் தோடு இருந்தது, பின்னால் இருக்கும் தங்கத் திருகாணி இல்லை. வீடெல்லாம் தேடினார்கள். பாயை உதறினார்கள், அரிசியைக்கூடச் சலித்தார்கள். பிள்ளை வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விழுங்கிவிட்டது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. குடலில் மாட்டும், கிழிக்கும். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். குளிர்ந்த தகட்டின்மேல் அந்தச் சின்ன உடம்பைப் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். கறுப்பில் வெள்ளையாக விலா எலும்புகள், சீப்பின் பற்கள் மாதிரி. ஒன்றும் இல்லை. டாக்டரம்மா சிரித்தார்: "படத்துல எதுவும் இல்லீங்க, நீங்கதான் பயந்துட்டீங்க." சில நாள் கழித்துத் தொட்டில் சேலை மடிப்பிலிருந்து அது தானாக விழுந்தது. அன்றைக்கு அவர் பயம் பொய்யாகப் போனது. பொய்யாகப் போனதால் என்ன. ஒவ்வொரு தடவையும் பொய்யாகப் போயிற்று என்று நம்பி நிற்கிற ஒரு தடவைதான்... அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. இன்னொருவர் சுட்டு முடித்தார். கூட்டமாகப் போய் அட்டையில் விழுந்த ஓட்டைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டினார்கள், அது எல்லோருக்கும் பொது வேலை. மிருதுளாவும் எட்டி எட்டி ஒட்டினாள். ஒவ்வொரு எட்டலுக்கும் உறை கொஞ்சம் அசைந்தது. அசைந்ததா, அல்லது இடுப்பு அசைந்ததா. அவர் கண்ணைச் சுருக்கினார். அசைவு என்று பார்த்தால் எல்லாமே அசைகிறது, வெயிலில் பாறையே அசைகிறது.

சொல்லாமல் இருந்தால். ஓடுவாள், ஒன்றும் ஆகாது, வீட்டுக்குப் போய்க் கழற்றிப் பார்த்தால் மூவரும் கழுத்து வரை புதைந்து நிற்பார்கள். இவர் மட்டும் ஒரு நாள் முழுக்கச் செத்துப் பிழைத்திருப்பார். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. அல்லது ஓடுவாள், ஜன்னலில் திரும்பும்போது, அந்த ஒரு கணம். சொன்னால். சொன்னால் அவள் பார்ப்பாள். சத்தியத்தை மீறியதற்காகக் கோபப்பட்டால் பரவாயில்லை, கோபத்தோடு ஓடட்டும், கோபம் நல்லது. கோபப்படாமல், சறுக்குமரத்தின் உச்சியில் நின்று பார்த்த மாதிரி பார்த்தால்? சறுக்குமரம் ஏறி ஒன்பது வருஷம், அந்தப் பார்வை போய் ஒரு மாதம்தான். எத்தனை பாடுபட்டு அதிலிருந்து விலகி வந்திருக்கிறாள். தன்னிடம் இருக்கிற இந்தச் சனியன், ராத்திரி கேஸ் அடைத்ததா என்று எழுந்து எழுந்து பார்க்கிற இது, அது அவளிடம் போய் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்றுதானே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. துப்பாக்கி விழுவது ஒரு பயம். தன் பயம் அவளுக்குள் விழுவது இன்னொரு பயம். எது பெரியது. அவருக்கு முன்னால் இரண்டும் உறை மாதிரி மேஜைமேல் கிடந்தன. இந்தத் தடவை எடுக்க வேண்டியவர் அவர். மிருதுளா ஓரமாக நின்று, கண்ணை மூடி, காற்றில் விரல் நீட்டி, ஓட வேண்டிய வழியை மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். ஜன்னல், டிரம், இடப்பக்கம், இரும்புத் தட்டு. உதடு அசைந்தது. அந்த முகத்தில் அவர் இல்லவே இல்லை. அவ்வளவு சுத்தமாக அவரை விட்டு வெளியே போயிருந்தாள். மீதிப் பேரும் முடித்தார்கள். பெயர் கூப்பிட்டார்கள்.

"மிருதுளா." அவள் கண்ணைத் திறந்தாள், சின்னப் பெட்டிபோல் தரையில் வரைந்த கோட்டுக்குள் போய் நின்றாள். ஜெசிந்தா மேடம் பின்னால் வந்து நின்றார், கையில் மணி அடிக்கும் கருவி. "வழி புரிஞ்சுதா?" தலையாட்டினாள். இனி "லோட் அண்ட் மேக் ரெடி" என்பார். அந்தச் சொல்லுக்குப் பிறகு துப்பாக்கிக்குள் தோட்டா ஏறும். ஏறிய துப்பாக்கி திரும்பவும் அந்த உறைக்குள் தலைகீழாகப் போய் நிற்கும். அதற்குப் பிறகு எதுவும் செய்ய முடியாது. இதுதான் கடைசி. இல்லை, ஒன்றும் ஆகாது. நான்குதான் எடுத்தேன். எப்போதும் ஒன்று கூட எடுப்பேன். எப்போதுமா. மேடம் மூச்சை இழுத்தார். "லோட்—"

நாச்சிமுத்து கயிற்றுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் வந்திருந்தார். எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. கயிறு முதுகில் உரசியது மட்டும் தெரிந்தது.

"ஸ்டாப்!" மேடத்தின் கை மிருதுளாவின் தோள்மேல் விழுந்தது. குழி உறைந்தது. "சார்! என்ன சார் இது? கயிறு எதுக்குக் கட்டியிருக்கோம்?" பின்னாலிருந்து பொன்னுரங்கம், "புள்ள ஓடறதுக்குள்ள அப்பன் ஓடிட்டாரே" என்றார். யாரோ சிரித்தார்கள். நாச்சிமுத்து கையை நீட்டி உள்ளங்கையை விரித்தார். நடுவில் திருகாணி. வியர்வையில் அது சின்னதாக மிதந்தது. வாயைத் திறக்கவில்லை. "என்ன சார் அது? சொல்லுங்க." திறக்கவில்லை. மிருதுளா திருகாணியைப் பார்த்தாள். "அவரு சொல்ல மாட்டாருங்க மேடம். வாயத் தொறக்கக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கியிருக்கேன்" என்றாள். பிறகு, "தொறங்கப்பா" என்றாள்.

"மூணாவது" என்றார் அவர்.  "மூணாவது ஆளு. உள்பக்கம். முடுக்குனனா இல்லியான்னு தெரியில அம்மிணி."

பாதுகாப்பு மேஜை குழியின் ஓரத்தில் தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. தோட்டா போட்ட மேகசின்களை ஜெசிந்தா மேடம் வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டார். மிருதுளா துப்பாக்கியை மணல் மேட்டைப் பார்த்து மேஜைமேல் வைத்தாள், பட்டையை அவிழ்த்தாள், உறையைத் திருப்பினாள். உள்பக்கம், தகட்டுக்கு நடுவில், மூன்றாவது திருகாணி கழுத்து வரை புதைந்து இருந்தது. ஓரத்தில் நீலப் பசை பிதுங்கிக் காய்ந்திருந்தது. மேடம் ஆறுமூலைச் சாவியை விட்டுத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. "கல்லு மாதிரி இருக்கு சார்" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். "நீங்க மெக்கானிக். நீங்க முடுக்கினது கழலுமா?" அவருக்கு நிம்மதி வர வேண்டும். வந்து நிற்க இடம் தேடியது போலிருந்தது, இடம் இல்லாமல் போய்விட்டது. மகளின் கைகளைப் பார்த்தார். பட்டையின் நுனியைப் பிடித்திருந்த விரல் லேசாக, மிக லேசாக, தாளம் போடுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அது ஆடவில்லை. அந்த ஆட்டம் அவருக்குத் தெரியும். அவருடைய விரல் அது.

"சரி, பார்த்தாச்சு. ஒரு குறையும் இல்ல" என்றார் ஜெசிந்தா மேடம் மிருதுளாவிடம். "இதையே கட்டிக்கிட்டு ஓடலாம். மாத்தணும்னு தோணிச்சுன்னா அதுக்கும் நான் அனுமதி குடுக்கறேன், இதுக்கு அபராதம் கிடையாது. பழசு வச்சிருக்கியா?" நாச்சிமுத்துவின் தோள் பையில் பழையது இருந்தது. அதையும் கூடுதலாகத்தான் எடுத்து வந்திருந்தார். எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டும் அருகருகே கிடந்தன. "ரெண்டுல எதுன்னு நீதான் சொல்லணும். நானும் சொல்ல மாட்டேன், உங்கப்பாவும் சொல்ல மாட்டார்." புதுசு, அம்மிணி. புதுசை எடு. மூணு பேரும் இருக்காங்க. அவர் அதைச் சொல்லாமல் முகத்தில் எழுதப் பார்த்தார். உதட்டை இழுத்தார். கன்னத்தை உயர்த்தினார். இந்த முகத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. வேப்பமரத்தைத் தேடினார், பாறைக்குழியில் மரம் ஏது. திரும்பிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தபோது கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

மிருதுளா முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பழைய உறையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.